பதினேழு கப்பல்கள்

காலை 11.20. கெய்ரோ வானொலி நிலையமொன்றில் செய்தி வாசிப்பாளர் தேர்வு முடிந்த கையோடு குட்டு உடைந்தது. முதலிடம் பெற்ற ஹாஸிம், தேர்வுக்கு முன்பே எதிர் காபிக்கடையில் தேர்வில் வாசிக்க வேண்டிய அதே செய்தியை மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டிருந்ததை இரண்டு பேர் கேட்டிருந்தார்கள்.

இயக்குநர் ஷாகிர் யோசிக்கவே இல்லை. "தாளை டைப் அடிச்சது யாரு? பயூமி. ரெண்டு மணிக்கு அவன் சீட்டைக் கிழிங்க."

பயூமிக்கு இருபத்தாறு வருட வேலை. ஓய்வூதியத்துக்கு எட்டே மாதம். மொழித் திருத்துநர் விதாத்துக்கு மனசு கேட்கவில்லை. செய்தியை எழுதியவள் அவள்தான். தேர்வாளர் இருவரில் ஒருத்தியும் அவள்தான்.

"ரெண்டு மணி வரைக்கும் டைம் கொடுங்க சார்."

"எடுத்துக்குங்க மேடம். துப்பறியிற ஆசை யாரை விட்டுச்சு?"

12.05. ஹாஸிமின் தேர்வு ஒலிநாடாவை ஓடவிட்டாள். பழக்க தோஷம், கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அரபியில் எண்ணைப் போல ஆளைக் கவிழ்ப்பது வேறில்லை. மூன்று முதல் பத்து வரை பொருள் ஆண்பால் என்றால் எண் பெண்பாலாகும்; பதினொன்றும் பன்னிரண்டும் ஒத்துப்போகும்; பதிமூன்றிலிருந்து பாதி முறைக்கும், பாதி இணங்கும். பெரிய பெரிய வாசிப்பாளர்களே அங்கே சறுக்குவார்கள். ஹாஸிம் ஒரு விகுதியும் தவறவில்லை.

மறுபடி ஓடவிட்டாள். இம்முறை கண் தாளில் இருந்தது. தாளில் பதினேழு கப்பல்கள். அவன் வாசித்தது பதிமூன்று.

12.40. சக தேர்வாளர் லுத்ஃபியின் அறை. பதினைந்து வருடச் சிநேகம்.

"நேத்து நான் எழுதினதை யாருக்குக் காட்டினேன், லுத்ஃபி?"

"எனக்கு மட்டும்தான். சரிபார்க்க."

"அதுல எத்தனை கப்பல்?"

லுத்ஃபி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"பதிமூணு," என்று அவளே சொன்னாள். "காலையில புதுத் தந்தி வந்துச்சு. பதினேழுன்னு புதுசா எழுதித்தான் பயூமிகிட்டக் கொடுத்தேன். அவர் பதிமூணைக் கண்ணால பார்க்கல. ஹாஸிம் ஒப்பிச்சது நேத்து நீங்க பார்த்த தாளை."

"நீயும் பக்கத்துலதானே இருந்தே? முழு மார்க் போட்டியே!"

"ரெண்டு எண்ணுக்கும் ஒரே இலக்கணம். விகுதி சரியான்னுதான் கேட்டேன். எத்தனை கப்பல்னு யாரு கேட்டா?"

லுத்ஃபி எழுந்து கதவைச் சாத்தினார். "என் பொண்ணுக்கு நிச்சயம் பண்ணின பையன், விதாத். மூணு தடவை எண்ணுலயே தோத்தான். இதுவும் போச்சுன்னா கல்யாணம் நின்னுடும்னு அழுதா."

"அதுக்கு பயூமி தலையா கிடைச்சுது? என்கிட்ட அனுப்பியிருந்தா ஒரு வாரத்துல சொல்லிக் கொடுத்திருப்பேனே!"

இனி இந்த அறையில் அவளுக்குத் தேநீர் இல்லை.

1.50. அவள் சொன்னதைக் கேட்டு ஷாகிர் பயூமியின் பணிநீக்க உத்தரவைக் கிழித்துப் போட்டார். விதாத் ஓடிப்போய் பயூமியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"வராந்தா ஒலிபெருக்கியில நானும் கேட்டேன் மேடம். பதிமூணுன்னான்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"படிச்சவங்க ரெண்டு பேரும் சரின்னு தலையாட்டிட்டீங்க. நான்தான் பதினேழுன்னு தப்பா அடிச்சுட்டேன்னு நினைச்சு, காலையிலேர்ந்து பயந்துகிட்டு உக்காந்திருக்கேன்."