பி பிளாக்கும் பொறுப்புகாட்டியும்

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன்பின் நெடுங்காலம் குறிப்பிடும்படி எதையும் செய்யாமல் இருந்துவிட்டு, 2063ஆம் ஆண்டு ஆவணி மாதம் நான்காம் தேதி, மேலப்பொழில் மாநகராட்சி வளாகத்தில், காலை சரியாகப் பத்தரை மணிக்குப் பொறுப்புகாட்டியை மக்களுக்கு அர்ப்பணித்தது. அமைச்சர் வந்து சேர்ந்தபோது ஒன்றே முக்கால்.

"இந்த நொடி முதல் இந்த மாநகரில் யார் செய்தது என்று தெரியாத தவறு என்று ஒன்று இருக்கவே இருக்காது!" என்று அவர் முழங்கினார். கருவியைக் கண்டுபிடித்த விஞ்ஞானிக்கும் பேச இரண்டு நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். நேரமின்மை காரணமாக அவருக்குப் பொன்னாடை போர்த்தி உட்காரவைத்தார்கள்.

கருவி பார்ப்பதற்கு ரேஷன் கடை எடைமேடையின் மேல் தெருக்குழாயை நட்டுவைத்ததுபோல இருந்தது. குழாயின் முனையில் எஃகினால் ஆன ஒரு சுட்டுவிரல். திசைகாட்டி வடக்கைக் காட்டுவதுபோல இது பொறுப்பாளியைக் காட்டும். அரசு அலுவலகங்களில் எழுதப்பட்ட ஒவ்வொரு குறிப்பும், போடப்பட்ட ஒவ்வொரு கையெழுத்தும் பல வருடங்களாக 'மறவாக்கிடங்கு' என்ற மின்களஞ்சியத்தில் சேர்ந்துகொண்டிருந்தன. யாராவது ஒரு குறையைச் சொன்னால், கருவி அந்தக் கிடங்கைப் பதினோரு வினாடியில் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வியைத் தனக்குள் கேட்டுக்கொள்ளும்: வேண்டாம் என்று சொல்லக்கூடிய இடத்தில் இருந்துகொண்டு, ஆகட்டும் என்று கையெழுத்துப் போட்டது யார்? விரல் அந்த ஆளை நோக்கித் திரும்பும். ஆள் அங்கே இல்லாவிட்டால் பெயரைச் சொல்லும். இறந்துவிட்டிருந்தால் தேதியோடு சொல்லும்.

விரல் காட்டிய ஆள் முப்பது நாளில் குறையைச் சரிசெய்ய வேண்டும். தவறினால், சரியாகும்வரை அரசு கொடுத்த வீட்டில் குடியிருக்கக் கூடாது. இந்த இரண்டாவது பிரிவு சும்மா வந்துவிடவில்லை. அதிகாரிகளின் அரசு பங்களாக்களை மனதில் வைத்து, மக்கள் பதினேழு நாள் தர்ணா உட்கார்ந்து வாங்கியது. அந்தத் தர்ணாவுக்குக் கோஷம் எழுதிக் கொடுத்தவர் பி பிளாக் கவுஸ் பாட்ஷா. ஆட்டோக்களெல்லாம் தாமே ஓடும் தானோட்டிகளாகி வெகுகாலம் ஆகியும், அவற்றுக்குப் பேரம் பேசத் தெரியாத காரணத்தால் இன்னமும் வேலையில் இருக்கும் மனிதர் அவர்.

"அக்கா, முதல் கேள்வி நம்மளுதுதான். விட்டுறாதீங்க" என்று அவர் பக்கத்தில் நின்றிருந்த அஞ்சுகத்தை முழங்கையால் இடித்தார்.

அஞ்சுகத்தின் கையில் ஒரு துணிப்பை. பைக்குள் அவர் வீட்டு விட்டத்திலிருந்து அன்று காலை விழுந்த இரண்டு கிலோ சிமென்ட் காரை. அஞ்சுகம் ஜாக்கெட் தைப்பவர். உலகத்தில் சகலத்தையும் இயந்திரங்கள் தைக்கத் தொடங்கிய பிறகும், அளவு ஜாக்கெட் மட்டும் எந்த இயந்திரத்துக்கும் பிடிபடவில்லை. மாநகராட்சிக் குடியிருப்பு பி பிளாக், மேல்மாடி, கதவு எண் 34. படுக்கையறை மேல் கான்கிரீட் பெயர்ந்து கம்பி தொங்குகிறது. ஆவணி இருபத்தேழில் மகள் கவிமலருக்கு வளைகாப்பு. வளையல் போட்டுத் தாய் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். ஐப்பசிக் கடைசியில் தலைப்பிரசவம். சம்பந்தியம்மாள் போன வாரம் வந்து விட்டத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, காபியைக்கூடத் தொடாமல் சொல்லிவிட்டுப் போனாள்: "இதுக்கு அடியிலயா எம் பேரப்பிள்ளையக் கெடத்துவீங்க? கூரையச் சரிபண்ணிட்டுச் சொல்லி அனுப்புங்க. அதுவரைக்கும் எம் மருமக எங்கிட்ட இருக்கட்டும்."

இதற்காக அஞ்சுகம் நான்கு வருடத்தில் முப்பத்தோரு மனு கொடுத்திருந்தார். எல்லா மனுவும் பரிசீலனையில் இருந்தன.

மேடையில் ஆணையர் முதல் உதவிப் பொறியாளர் குணாளன் வரை நாற்பத்தொரு அதிகாரிகள் வரிசையாக நின்றார்கள். ஒருவர் முகத்திலும் வியர்வை இல்லை. கவுஸ் பாட்ஷா அதைக் கவனித்தார். அதற்கு அர்த்தம் மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை.

அஞ்சுகம் காரையை எடைமேடையில் வைத்தார். "பி பிளாக் மேல்மாடிக் கூரை இப்படி உதிருது. யாரு இதுக்குப் பொறுப்பு?"

விரல் அசைந்தது. ஆணையரைத் தொட்டுக்கொண்டு போயிற்று. தலைமைப் பொறியாளர், நிதி அலுவலர், வீட்டுவசதி மேலாளர் என்று ஒவ்வொருவராகக் கடந்தது. குணாளனிடம் ஒரு கணம் தயங்கியதுபோல் இருந்தது. குணாளன் அதற்கு வணக்கம் வைத்தார். விரல் மேடையை விட்டு இறங்கி, கூட்டத்தின் பக்கம் திரும்பி, அஞ்சுகத்தின் மூக்குக்கு நேராக வந்து நின்றது.

"முதற்பொறுப்பாளர், அஞ்சுகம். கதவு எண் 34" என்றது கருவி, செய்தி வாசிப்பவரின் குரலில். "உடன்பொறுப்பாளர்கள் அறுபத்தொரு பேர். பட்டியல் அச்சாகிறது."

"மிஷின் கோளாறு!" என்று கத்தினார் கவுஸ் பாட்ஷா. பட்டியலில் இரண்டாவது பெயர் அவருடையது.

கோளாறு எதுவும் இல்லை. பொறுப்புகாட்டிச் சட்டம் நிறைவேறியது ஆறு வருடத்துக்கு முன்னால். டெண்டர் முடிந்து கருவி வந்து சேரத்தான் இவ்வளவு காலம். அந்த ஆறு வருடத்தை அதிகாரிகள் வீணாக்கவில்லை. எந்தக் கோப்பிலும் முடிவு என்று எதையும் எழுதாமல் உத்தியோகம் பார்ப்பது எப்படி என்று மலைவாசஸ்தலத்தில் பயிற்சி முகாம் நடந்தது. அதன்பின் கோப்புகளில் 'பார்வைக்கு', 'தக்க நடவடிக்கைக்கு', 'மேலனுப்பப்படுகிறது' என்பவை மட்டுமே காணப்பட்டன. ஆனாலும் நிர்வாகம் என்றால் எங்காவது, யாராவது, எதையாவது முடிவு செய்தாக வேண்டுமே. அதற்காகத்தான் "முடிவெடுக்கும் உரிமை இனி மக்களுக்கே" என்று வாத்திய கோஷ்டியோடு அறிவித்து, தெருவுக்குத் தெரு பகுதி சபைகளைத் தொடங்கினார்கள். பத்திரிகைகள் தலையங்கம் எழுதிப் பாராட்டின.

"நாலு வருஷம் முன்னாடி, பங்குனி பன்னெண்டு, பி பிளாக் பகுதி சபைக் கூட்டம்" என்று குணாளன் வெகு அன்பாக விளக்கினார். "கூரைப் பராமரிப்புக்கு வந்த நிதியை நகர எழிலூட்டுத் துறைக்கு மாத்தி, ரவுண்டானாவுல இசை நீரூற்று வைக்கலாம்னு நீங்கதான் ஏகமனதாத் தீர்மானம் போட்டிருக்கீங்க. இதோ பாருங்கம்மா, கீழே உங்க கையெழுத்து."

அஞ்சுகம் திரையைப் பார்த்தார். அவருடைய கையெழுத்துத்தான்.

"சார், அன்னைக்கு நான் கூட்டத்துக்கு வந்தேன்னுதானே போட்டேன்? வருகை நோட்டுன்னு சொன்னாங்க. மேல ஒண்ணுமே எழுதலையே, வெள்ளையாத்தானே இருந்துச்சு!"

"வெள்ளையா இருந்த இடத்துல அப்புறமா தீர்மானம் எழுதறது வழக்கம்தாம்மா. எங்க தாத்தா காலத்துலேருந்து அப்படித்தான்."

"கையெழுத்துப் போட்டாத்தான் போண்டா டோக்கன் தருவேன்னாங்களே!"

"போண்டா வாங்கிக்கிட்டீங்களா இல்லையா?"

கவுஸ் பாட்ஷா குறுக்கே வந்தார். "எல்லாரும் இருக்க, அக்காவை மட்டும் எப்படி சார் முதல் குத்தவாளி ஆக்குனீங்க?"

"அவங்கதான் சொன்ன நேரத்துக்கு வந்து முதல் கையெழுத்துப் போட்டவங்க" என்றார் குணாளன். "இனிமே கொஞ்சம் லேட்டா வரப் பாருங்க."

பி பிளாக்கின் அறுபத்துநான்கு வீடுகளில் இரண்டு மட்டுமே குற்றமற்றவை என்று தெரியவந்தது. ஒரு வீட்டுக்காரர் குடும்பத்தோடு குவைத்தில் இருந்தார். இன்னொரு வீடு ஒதுக்கப்பட்ட நாளிலிருந்தே பூட்டிக் கிடந்தது. நாற்பத்தொரு அதிகாரிகளுக்கும் கருவி அங்கேயே 'பொறுப்பின்மைச் சான்றிதழ்' அச்சிட்டுக் கொடுத்தது. ஆணையர் தன்னுடையதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு நாற்காலிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார்.

முப்பது நாள். அஞ்சுகம் அழுதுகொண்டு உட்காரவில்லை. மறுநாள் காலை குணாளனின் மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

"சரி சார், பொறுப்பு எங்களுதுன்னே இருக்கட்டும். அந்த நிதியத் திருப்பிக் கொடுங்க. நாங்களே ஆள வச்சுச் சரிபண்ணிக்கிறோம்."

"பொறுப்புதாம்மா உங்களுது. அதிகாரம் எங்களுது. ரெண்டும் வேற வேற துறை."

"அப்ப எங்க கைக்காசுல பண்ணிக்கிறோம்."

"பண்ணுங்க. யார் வேண்டாம்னது? ஆனா அது அரசுக் கட்டடம். கை வைக்க அனுமதி வேணும்."

"அனுமதி குடுங்க."

குணாளன் பேனாவை மேசையிலிருந்து எடுத்துச் சட்டைப் பைக்குள் பத்திரமாகச் செருகினார். "நான் ஆகட்டும்னு எழுதி, நாளைக்கு மேல ஏறுற கொத்தனார் தவறி விழுந்தா விரல் யாரைக் காட்டும்? எனக்கு ரெண்டு பொண்ணும்மா."

மனு மேலே போயிற்று. தலைமைப் பொறியாளர் பார்வையிட்டார். ஆணையர் பார்வையிட்டார். வளைகாப்பு நாளும் வந்தது. சம்பந்தி வீட்டிலேயே வளையல் அடுக்கினார்கள். கவிமலர் அம்மாவோடு கிளம்பப் பையெல்லாம் கட்டி வைத்திருந்தாள். "கூரை ஆச்சா?" என்று கேட்டாள் சம்பந்தியம்மாள். அஞ்சுகம் கையிலிருந்த கலவைச் சாதத் தூக்கைக் கீழே வைத்துவிட்டு, "பத்து நாள் பொறுங்க" என்றார். பை மறுபடி அவிழ்க்கப்பட்டது.

இருபத்தாறாம் நாள் பதில் வந்தது. 'இப்பொருள் குறித்துப் பகுதி சபையே முடிவெடுக்கலாம். குறைந்தது நாற்பது கையெழுத்துடன் தீர்மானம் அனுப்பினால் தடையில்லை.'

கதவு கதவாகத் தட்டிக் கூட்டத்தைக் கூட்டினார் அஞ்சுகம். ஐம்பத்தெட்டுப் பேர் வந்தார்கள். கொத்தனார் பேசியாகிவிட்டது, சிமென்ட் இறங்கிவிட்டது. கையெழுத்துகள்தான் பாக்கி. இந்த முறை தீர்மானத்தை முதலில் எழுதி, மூன்று தடவை உரக்கப் படித்தார். முதல் கையெழுத்தையும் தானே போட்டார். பேனாவை நீட்டினார்.

யாரும் வாங்கவில்லை.

"கூரைய செய்யத்தான் வேணும். வேண்டாங்கல" என்றார் கீழ்வீட்டுக்காரர். "ஆனா ஏற்கனவே ஒரு கையெழுத்துப் போட்டுப் பட்டது போதாதா?"

"கொத்தனாருக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா?"

"நான் வேணா 'பார்வையிட்டேன்'னு போடறேன். அது பரவாயில்லையா?"

"ஏ பிளாக்குக்கு அனுப்பி அவங்க அபிப்பிராயத்தையும் கேட்டுட்டா நல்லது."

அஞ்சுகம் கடைசியாகக் கவுஸ் பாட்ஷாவைப் பார்த்தார். பதினேழு நாள் தர்ணாவில் தொண்டை கிழியக் கத்திய மனிதர் நோட்டை வாங்கினார். வெகுநேரம் பார்த்தார். எழுதினார். திருப்பிக் கொடுத்தபோது அஞ்சுகத்தின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

'தக்க நடவடிக்கைக்கு' என்று எழுதியிருந்தது.

"பாய், நீங்களுமா?"

"புள்ளகுட்டிக்காரன்க்கா" என்றார் அவர்.

ஐம்பத்தெட்டுப் பேரின் குறிப்புகளோடு நோட்டு நிரம்பிவிட்டது. கையெழுத்து என்று எண்ணினால் ஒன்று. மலைவாசஸ்தலத்தில் மூன்று மாதம் நடத்திய பயிற்சியைப் பி பிளாக் ஒரே மாதத்தில், சொந்தச் செலவில் முடித்திருந்தது.

முப்பத்தோராம் நாள் காவல்துறை பாதுகாப்போடு அறுபத்திரண்டு குடும்பங்களும் வெளியேற்றப்பட்டன. வாசலைப் பூட்டி சீல் வைத்து, 'குறை சரியாகும்வரை' என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். கட்டடத்துக்குள் யாரும் நுழைய முடியாததால் குறை சரியாக வழியில்லை என்பதைக் கவுஸ் பாட்ஷா சுட்டிக்காட்டினார். அது பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. மாற்று வீடு கேட்டு அஞ்சுகம் மனுப் போட்டார். பொறுப்பின்மைச் சான்றிதழ் இணைக்கப்படவில்லை என்று அது திரும்பி வந்தது. தையல் மிஷினோடு தோழி ஒருத்தியின் கடை மச்சுக்குக் குடிபோனார்.

ஐப்பசி ஒன்பதாம் தேதி பிற்பகல், ஒரு மணி நேர மழையில், பி பிளாக் மேல்மாடிக் கூரை மொத்தமாக இறங்கியது. உள்ளே யாரும் இல்லை.

அன்று மாலையே செய்திக்குறிப்பு வந்தது. பொறுப்புகாட்டியின் துல்லியமான சுட்டுதலாலும், அதன்மீது மாநகராட்சி எடுத்த துரித நடவடிக்கையாலும் அறுபத்திரண்டு குடும்பங்களின் உயிர் காக்கப்பட்டதாக அது பெருமிதம் கொண்டது. மேலும் பதினோரு மாநகராட்சிகளில் கருவி நிறுவப்படும் என்றார் அமைச்சர். உயிர்களைக் காத்தது யார் என்ற கேள்வி எழுந்தபோது, நாற்பத்தொரு அதிகாரிகளும் தாங்களே என்று தனித்தனியாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். எல்லாருக்கும் பதக்கம் கிடைத்தது. விழாவில் விஞ்ஞானிக்கு மறுபடி ஒரு பொன்னாடை.

ஐப்பசி இருபத்தெட்டில் கவிமலருக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து மாமியார் வீட்டுக்குத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள்.