நிற்கும் வரி

தென்றல் பிரேக்பாயிண்ட் வைக்காத வரியில், கம்ப்யூட்டரின் அடிப்படை மென்பொருளான கெர்னல் நின்றது.

மத்தியானம் மூன்று மணி. ஜன்னல் வழியே ஈரக் களிமண் வாசனையும், பக்கத்து செராமிக் யூனிட்டில் மண் அரைக்கும் மிஷினின் சத்தமும் வந்துகொண்டிருந்தன. சத்தம் சட்டென்று அடங்கியது. கரண்டு போயிருக்கும் என்று நினைத்தாள்.

பின்னறையில் ஓர் இருமல்.

"தென்றலு, டீ இருக்குதா?"

பாரியின் குரல். அவள் புருஷன் லாரி மோதிச் செத்து இருபது நாள் ஆகியிருந்தது.

சோதனைக்காக அவள் வைத்திருந்த ஐந்து நொடி முடிந்ததும் கெர்னல் தானாகத் தொடர்ந்தது. மிஷின் சத்தம் திரும்பியது. குரல் இல்லை.

அவன் பாதியில் விட்ட டீபக்கரை, கெர்னலை நிறுத்திப் பிழை தேடும் நிரலைத்தான், எழுதி முடித்துக்கொண்டிருந்தாள். பிரேக்பாயிண்ட் வைத்தால் டீபக்கர் அங்கிருக்கும் ஆணையை எடுத்துவிட்டு 'நில்' என்று போடும். தொடரும்போது பழைய ஆணையைத் திருப்பி வைக்க வேண்டும்; இல்லாவிட்டால் கெர்னல் அதே இடத்தில் நின்றுகொண்டே இருக்கும். திருப்பி வைக்கும் அந்த வரியைக் காலையில்தான் எழுதி முடித்திருந்தாள்.

அடுப்படியிலிருந்து மாமியார் காசியம்மாள் கத்தினாள். "அந்தப் பொட்டியக் கட்டிக்கிட்டு அழுவாத. ஒரு வாய் தின்னுட்டு அழு, தெம்பாவாவது இருக்கும்."

"வரேன் அத்தை."

போகவில்லை. நிறுத்தும் நேரத்தை ஒரு நிமிடமாக்கி மறுபடி நிறுத்தினாள். மிஷின் சத்தம் அடங்கியது. இருமல். அதே கேள்வி. "இருக்குதுங்க" என்றாள். அவன் அடுத்து என்ன சொல்வான் என்று காத்திருக்கையில் நிமிடம் முடிந்துவிட்டது.

ஒரு நிமிடம் போதவில்லை.

காலையில் எழுதிய வரியை அழித்தாள். நிறுத்தினாள்.

"தென்றலு, டீ இருக்குதா?"

"கொண்டாறேங்க!"

அடுப்படிக்கு ஓடினாள். பொங்கிய பால் பாத்திரத்தின் விளிம்புக்கு மேலே அப்படியே நின்றிருந்தது. அடுப்பை அணைக்க நீட்டிய கையோடு காசியம்மாள். தொட்டாள். தோள் கல்லாக இருந்தது.

"அத்தை."

திரும்பி ஓடிவந்து 'தொடர்' அழுத்தினாள். நின்றது. மறுபடி அழுத்தினாள். அதே வரி. அழித்ததைத் திருப்பி எழுதினாள். அது உள்ளே ஏற வேண்டுமானால் கெர்னல் ஓட வேண்டும். ஓடவில்லை. சுவிட்சை அணைத்தாள். திரை அணையவில்லை.

பின்னறைக் கதவைத் திறந்தாள். வெறும் கட்டில்.

"தென்றலு, டீ இருக்குதா?"

அதே குரல். அதே இழுப்பு. அவள் பதிலுக்கு அது நிற்கவில்லை. எதற்கும் நிற்கவில்லை.

மெல்ல அடுப்படிக்குப் போனாள்.

காசியம்மாள் அசையவில்லை. கண்கள் மட்டும் திரும்பியிருந்தன. நீர் முட்டி, விழாமல், தென்றலையே பார்த்துக்கொண்டு.