தாய் அணிலின் பங்கு

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. கூடத்தில் இருந்த யாரும் எழுந்திருக்கவில்லை. எழுந்து வர வேண்டியவள் எப்போதும் போல அடுப்பருகே நின்றுகொண்டுதான் இருந்தாள். கையில் கரித்துணி இருந்தும் நினைவு வேறெங்கோ இருந்தது.

"பெத்த பொண்ணைக் கொண்டுபோய் கண்காணாத இடத்துல தள்ளியாச்சு... இப்ப பாலையும் பொங்க விட்டு வேடிக்கை பார்க்கிறா மகராசி!" என்றாள் கணவரின் அக்காள், நாற்காலியை விட்டு அசையாமலே.

"பார்க்கல அண்ணி... ஏதோ யோசனை."

"யோசனை அன்னிக்கே வந்திருக்கணும்! ஒரு பிள்ளைக்குச் சோறு ஊட்டத் தெரியலன்னு ஊரைக் கூட்டிச் சொன்னவ நீ ஒருத்திதான். சாப்பிட வைக்கிறதுக்கு ஒரு இல்லமாம், அதுக்கு டாக்டராம், நர்ஸாம்! கேட்டா சிரிக்கிறாங்க."

கணவர் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். எடை போட்டே பேசுவார். அன்று காலை எடை போட்டு வைத்திருந்த சொல்லை எடுத்து வைத்தார்.

"இன்னிக்கு நானும் வர்றேன். திரும்பி வர்றப்ப பொண்ணோடதான் வருவேன். நீ குறுக்க வராதே."

"என்னங்க... வைத்தியத்தைப் பாதியில நிறுத்தினா இதயம் தாங்காதுன்னு டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்களே..."

"உனக்கு அவ பாரம். எனக்கு அவ பொண்ணு!"

அந்தச் சொல் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. இருவருக்கும் காப்பியை ஆற்றிக் கொடுத்துவிட்டு, பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருந்ததில் வெந்நீர் விட்டு, நின்றபடியே தன் பங்கைக் குடித்து முடித்தாள்.

வாய் திறந்திருந்தால் சொல்லியிருக்கக்கூடியது ஒன்று இருந்தது. மூன்று மாதங்களுக்கு முன் ஒரு விடியலில், இருபது வயதுப் பெண்ணான சின்னு குளியலறைத் தரையில் மயங்கிக் கிடந்தாள். தூக்கியபோது கனமே இல்லை. உலர்ந்த துணியை எடுத்தது போல இருந்தது. கண் விழித்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "அம்மா, பட்டினி கிடக்கிறதை என்னால நிறுத்த முடியலம்மா... எங்கயாவது கூட்டிட்டுப் போயிடு" என்பதுதான். அடுத்ததாக, "நான் கேட்டேன்னு சொல்லாதே. அப்பா முகத்துல என்னால முழிக்க முடியாது" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து வீட்டுக்குத் தாய்தான் குற்றவாளி. "நான்தான் சேர்த்தேன்" என்ற ஒற்றைப் பொய்யின் மேல் அத்தனை ஏச்சையும் வாங்கிச் சுமந்தாள்.

பேருந்தில் கணவர் முன் இருக்கையில் உட்கார்ந்தார். அவள் பின்னால் உட்கார்ந்து, சின்னு சிறு பிள்ளையாக இருந்தபோது சோறூட்டச் சொல்லிவந்த கதையை மனத்துக்குள் ஓட்டிக்கொண்டே வந்தாள். ஒரு மரப்பொந்தில் தாய் அணில் இருந்ததாம். கொட்டை பொறுக்கி வந்து குட்டிகளுக்குப் பிட்டுப் பிட்டுக் கொடுக்குமாம். 'நீ தின்னலையா அம்மா?' என்று குட்டி கேட்டால், 'நான் வர்ற வழியிலேயே தின்னுட்டேன் கண்ணு' என்று சொல்லுமாம். அந்த இடத்தில் சின்னுவின் வாய் தானாகத் திறக்கும். எத்தனை கவளம் அந்த அணிலால் உள்ளே போயிருக்கிறது!

இல்லம் சாதாரண மாடி வீடுதான். வாசலில் செருப்புகள் வரிசையாக இருந்தன. சாப்பாட்டுக் கூடத்தில் நீளமாக இரண்டு மேஜைகள். சாப்பிட்டதை யாரும் போய் வாந்தியெடுத்துவிடாதபடி, கழிவறைக் கதவுக்குச் சாப்பாட்டு நேரத்தில் பூட்டு. அங்கே தங்கியிருந்த இளம்பிள்ளைகள் ஒவ்வொருவரும் உளியின்றி மலையை உடைக்க வந்தவர்கள் போலத் தட்டின் முன் உட்கார்ந்திருந்தார்கள். இல்லத்துக்கு வந்த பிறகு சின்னு குடும்பத்தோடு சேர்ந்து சாப்பிடும் முதல் நாள் இது.

எல்லோரும் 'கண்ணாடியக்கா' என்று அழைக்கும் நர்ஸ், மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சட்டங்களைச் சொன்னாள்.

"எல்லாருக்கும் ஒரே அளவு சாப்பாடு. எனக்கும் அதேதான். யாரும் எழுந்து பரிமாறக் கூடாது. அடுத்தவங்க தட்டைப் பார்க்கக் கூடாது. முடிச்சதும் அரை மணி நேரம் இங்கயே உட்காரணும். அம்மா, உங்களைத்தான்... கரண்டியைக் கீழ வைங்க."

அவள் வெட்கத்தோடு கரண்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். சோறு, பருப்பு, வதக்கிய பீன்ஸ், தயிர். நாற்காலியில் சாய்ந்து உட்கார அவளுக்குத் தெரியவில்லை. பாதி எழுந்தவள் போல விளிம்பில் இருந்தாள்.

சின்னுவின் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. விரல் மட்டும் தட்டின் விளிம்பைத் தாண்டிச் சோற்றுக்குப் போகவில்லை.

"பெட்டியைக் கட்டுடா கண்ணு. நம்ம வீட்டுக்குப் போகலாம். உங்கம்மா தள்ளினா தள்ளிட்டுப் போறா. அப்பா இருக்கேன்" என்றார் தந்தை.

"சாப்பாட்டு மேஜையில வழக்கு வேண்டாம் சார்" என்றாள் கண்ணாடியக்கா.

"இல்லக்கா, இதை முழுங்கிட்டு என்னால சோத்தை முழுங்க முடியாது." சின்னு தலையை நிமிர்த்தினாள். "அப்பா, அம்மா தள்ளல. நான்தான் கேட்டேன். பாத்ரூம்ல விழுந்து கிடந்தேன்... 'கூட்டிட்டுப் போ'ன்னு அழுதேன். 'சொல்லாதே'ன்னும் நான்தான் சொன்னேன். வந்த அன்னிக்குக் கையெழுத்துப் போட்டதும் நான்தான். நான் வரலப்பா. எனக்கு இன்னும் சரியாகல."

தந்தையின் முகம் சாம்பல் பூத்தது. பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"ஏன்டி... ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? வாய்க்கு வந்தபடியெல்லாம் பேசிட்டேனே..."

"நீங்க கேட்கலையேங்க. திட்டத்தானே செஞ்சீங்க."

அவர் குனிந்துகொண்டார். அந்தக் குனிந்த தலையைக் காண அவளுக்குப் பொறுக்கவில்லை. பழகிய கை, மனத்தைக் கேட்காமல் நகர்ந்தது. தன் தட்டிலிருந்த பீன்ஸ் முழுவதையும், சோற்றில் பாதியையும் வழித்து அவர் தட்டில் வைத்தது.

"அம்மா!" கண்ணாடியக்காவின் குரல் உயர்ந்தது. "தட்டுல இருந்து தட்டுக்கு மாத்தக் கூடாது. இங்க அது பெரிய தப்பு."

பக்கத்து மேஜையில் ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். "அக்கா, இவங்க புதுசா சேர்ந்திருக்காங்களா? கை வேகத்தைப் பார்த்தா நமக்கெல்லாம் சீனியர் போல இருக்கே!"

மேஜையே சிரித்தது. சின்னு சிரிக்கவில்லை.

"நீ காலையில சாப்பிட்டியாம்மா?"

"ஆச்சுடி."

"பொய்."

"இல்லடி... நான் அப்பவே..."

"பொய்யும்மா! என்ன சாப்பிட்டே சொல்லு. நீ உட்கார்ந்து சாப்பிட்டு நான் ஒரு நாள்கூடப் பார்த்தது இல்ல. 'ஆச்சு', 'அப்புறம்', 'பசிக்கல', 'நீங்க சாப்பிடுங்க'... நான் உங்ககிட்டயெல்லாம் சொன்ன பொய்யில எதையாவது நானா கண்டுபிடிச்சேனா? எல்லாம் நீ சொன்னதுதான்!"

அவளுக்கு நாத்தனாரின் ஏச்சுகளெல்லாம் இதன் முன் தூசாகப் பறந்தன. தன்னிடம் இருந்த ஒரே பெருமை, தான் உண்ணாமல் பிறரை உண்ணச் செய்தது. அதையல்லவா பிள்ளை எடுத்து மேஜை மேல் போட்டுவிட்டாள்!

"அப்ப... என்னாலதானா?"

"அப்படி ஒருத்தர் தலையில கட்ட முடியாதும்மா" என்றாள் கண்ணாடியக்கா, குரலைத் தாழ்த்தி. "இந்த நோய்க்கு வர்ற வழி பல. குத்தம் தேடுற இடம் இல்ல இது. ஆனா பிள்ளை உங்களை உட்காரச் சொல்றா. அது காதுல விழுந்துச்சா?"

எழுந்து போய்ப் புதிதாக ஒரு தட்டைக் கொண்டுவந்து தாயின் முன் வைத்தாள். அதே அளவு.

அவள் நாற்காலியை முன்னிழுத்து, முதுகு படிய உட்கார்ந்தாள். முதல் கவளத்தைப் பிசைந்து வாயில் வைத்தாள். எதிரே சின்னுவும் ஒரு கவளம் எடுத்தாள். ஒருத்தி விழுங்கும்வரை மற்றவள் காத்திருந்தாள். கண்ணீர் சோற்றில் விழுந்தது, யாரும் துடைக்கவில்லை.

தந்தை தன் தட்டை முடித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். குரலில் பழைய எடை இல்லை.

"போகலாமா? அக்கா பசியோட உன்னை எதிர்பார்த்திருப்பா..."

"அரை மணி நேரம் உட்காரணுமாங்க. நீங்க முன்னாடி போங்க." அவள் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அடுப்பு எங்க இருக்குன்னு அண்ணிக்குத் தெரியும்."

அவர் எழுந்து வாசலுக்கு நடந்தார். செருப்பைத் தேடும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் அடங்கியது.

"அம்மா..." என்றாள் சின்னு, தயிரைத் தொட்டும் தொடாமலும். "அந்தத் தாய் அணில்... கடைசியில அதுக்கு என்னம்மா ஆச்சு? நீ சொன்னதே இல்ல."

தாய் இன்னொரு கவளத்தை எடுத்து விழுங்கினாள்.

"தெரியலடி. இன்னிக்குத்தான் உட்கார்ந்திருக்கு... தின்னு முடிக்கட்டும், சொல்றேன்."