வாஷ்பேசினில் கிடந்த கைபேசி

"இது தானா சாகல சார். கொன்னுட்டாங்க."

வந்த பெண்மணி மேசைமேல் வைத்தது அரிசி நிரம்பிய ஒரு கண்ணாடிக் குடுவை. அரிசிக்குள் பாதி புதைந்தபடி ஒரு கைபேசி கிடந்தது. ஈரத்தை அரிசி குடித்துவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுச் செய்த வைத்தியம். நோயாளி பிழைக்கவில்லை.

நிதானம் குடுவையை ஒரு சுற்றுத் திருப்பிப் பார்த்தார். பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் வேறு. காப்பீட்டு நிறுவனத்தில் பொய்க் கோரிக்கைகளைத் துருவிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு கிடங்கு தீப்பிடித்தபோது, தீயணைப்பு வண்டி வருவதற்குள் காப்பியைக் குடித்து முடித்துவிடலாம் என்று சொன்னாராம். அன்றைக்குச் சூட்டிய பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது அச்சகத்துக்கு மேலே ஓர் அறையில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். கணவன் மனைவி வழக்கு என்றால் அவருக்கு வேப்பங்காய். ஆனால் இந்த வழக்கைக் கையைப் பிடித்து இழுத்து வந்தவள் அவருடைய மனைவியின் தங்கை. மறுத்தால் வீட்டில் சோறு கிடைக்காது.

மைத்துனிக்குக் கைபேசிக் கடையில் பழுது பார்க்கும் வேலை. துப்பறிவது என்றால் உயிர். அவளுக்கு முதலில் முடிவு தோன்றும், பிறகுதான் சாட்சி தேடுவாள்.

"விவரமா சொல்லுங்கம்மா," என்றார் நிதானம்.

"என் வீட்டுக்காரர் சலூன் வச்சிருக்கார். நேத்து மத்தியானம் கூப்பிட்டேன். ரிங் போகுது, எடுக்கல. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். கடைசித் தடவை ரிங் போய்க்கிட்டு இருக்கும்போதே பாதியில அறுந்துடுச்சு. அப்புறம் எப்போ போட்டாலும் 'தொடர்புகொள்ள முடியவில்லை'ன்னு சொல்றா அந்தப் பொம்பள."

"எந்தப் பொம்பள?" மைத்துனி பேனாவைத் திறந்துவிட்டாள்.

"கம்பெனில பதிவு பண்ணி வச்ச குரல்மா."

மைத்துனி பேனாவை மூடினாள்.

"ராத்திரி வீட்டுக்கு வந்து, போன் தண்ணில விழுந்துடுச்சுங்கறார். எப்படி விழுந்துச்சுன்னு கேட்டா, தெரியாதாம். கால் முளைச்சு தானா நடந்து போச்சாக்கும்! நான் கூப்பிட்டுக்கிட்டு இருக்கும்போதே தூக்கித் தண்ணில போட்டிருக்காங்க சார். உள்ள என்னமோ இருந்திருக்கு. அதை நான் பாத்துடக் கூடாது."

"யார் மேல சந்தேகம்?"

"கடையில ஒருத்தி வேலை பாக்கறா. தலைக்குச் சாயம் போடறவ. போனோட ஓரத்தைப் பாருங்க."

நிதானம் கைபேசியை வெளியே எடுத்தார். விளிம்பில் இருந்த சிறு துளைகளில் பழுப்பு நிறச் சாயம் உறைந்திருந்தது. முதுகுப்பக்கம் வழவழவென்று வெறும் கண்ணாடி.

"இந்த போனை எனக்குத் தெரியும் அத்தான்," என்றாள் மைத்துனி. "போன வாரம் இந்த அக்காதான் என் கடைக்குக் கொண்டு வந்தாங்க. சத்தம் வரல, வைப்ரேஷனும் ஒண்ணும் தெரியலன்னு. பாத்தா, போன்ல கோளாறே இல்ல. யாரோ சத்தத்தை அணைச்சு வச்சிருந்தாங்க. சத்தத்தையும் வைப்ரேஷனையும் முழுசா ஏத்திவிட்டேன். தடி ரப்பர் கவர் ஒண்ணு போட்டிருந்துச்சு, அது அதிர்வையெல்லாம் குடிச்சுடும். அதையும் கழட்டிட்டேன். மேசை மேல வச்சுப் பாத்தோம், குளவி மாதிரி உறுமுச்சு!"

அவள் முகத்தில் வேலை தெரிந்தவளின் பெருமை. நிதானம் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு, கைபேசியை அரிசிக்குள் திருப்பி வைத்தார்.

"பெட்டி கட்டிட்டேன் சார்," என்றாள் அந்தப் பெண்மணி. இதுவரை கோபமாக இருந்த குரல் சட்டென்று இறங்கியது. "நாளைக்குக் காலையில அண்ணன் வீட்டுக்குக் கிளம்பறேன். அவர் வாழ்க்கையில வேற யாராவது இருந்தா நான் திரும்பறதா இல்ல. இருக்காங்களா இல்லையான்னு மட்டும் சொல்லிடுங்க. தெரியாம இருக்க முடியல."

சலூன் குறுகலான தெருவில், ஒரு பூட்டுக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே இருந்தது. உள்ளே இரண்டு சுழல் நாற்காலிகள். கண்ணாடிக்குக் கீழே சுவரோடு சுவராக நீளமான கருங்கல் மேடை. அதன் இடது கோடியில் கல்லுக்குள்ளேயே பதித்த வாஷ்பேசின், அதில் சீப்புகள் ஊறிக்கொண்டிருந்தன. வலப்பக்கம் எண்ணெய், நுரை, பவுடர் என்று வரிசையாகப் பாட்டில்கள். அவற்றுக்கு இடப்பக்கம் கல்லின்மேல் ஒரு சிறிய மரச்சட்டம் அணை கட்டியதுபோல் ஒட்டப்பட்டிருந்தது.

சலூன்காரர் மெலிந்த மனிதர். ஒரு வாடிக்கையாளரின் கிருதாவைச் சீராக்கிக்கொண்டே பேசினார். "போன் எப்பவும் இங்கதான் சார் இருக்கும்." சட்டத்துக்கு வெளியே, வாஷ்பேசினுக்கும் பாட்டில்களுக்கும் நடுவில் காட்டினார். "நேத்து கடையில கூட்டம். கையில கத்தி. நான் பாட்டுக்கு வேலை பாத்துக்கிட்டு இருந்தேன். தொபுக்குன்னு சத்தம் கேட்டுத் திரும்பிப் பாத்தா, போன் தண்ணிக்குள்ள கிடக்குது."

"சத்தத்தை அணைச்சு வச்சது யாரு?" மைத்துனி பாய்ந்தாள்.

"நான்தாம்மா. ஒருத்தருக்கு மீசை ஒதுக்கிக்கிட்டு இருந்தப்ப திடீர்னு கத்திடுச்சு. கை ஆடிப் போய் உதட்டைக் கீறிட்டேன். அவர் இன்னைக்கு வரைக்கும் எதிர்க் கடைக்குத்தான் போறார். போன வாரம் நீங்க சத்தத்தை ஏத்தி அனுப்பினீங்க. நான் மறுபடியும் இறக்கிட்டேன். அதிர்வு மட்டும் இருந்துச்சு."

சாயம் போடுகிறவள் அடுத்த நாற்காலியில் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஐம்பதைத் தொடுகிற வயது. விரல் நகங்களெல்லாம் பழுப்பு. கேள்வி வருவதற்கு முன்பே பதில் வந்தது.

"நான் அந்தப் போனைத் தொடவே இல்ல. நேத்து மத்தியானம் பூரா ஒரு அம்மாவுக்கு முடி உலர்த்திக்கிட்டு இருந்தேன். இடுப்பு வரைக்கும் முடி. இந்த டிரையரைப் போட்டா பக்கத்துல இடி விழுந்தாலும் கேக்காது. அதை அணைச்ச பிறகுதான் போன் விழுந்த விஷயமே எனக்குத் தெரியும்."

"போன் ஓரத்துல சாயம் இருக்கே?" என்றாள் மைத்துனி.

"சாயக் கிண்ணத்தை வேற எங்க கழுவறது, உங்க வீட்லயா?"

நிதானம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஈரக் கையால் மேடைமேல் ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டார். சற்று நேரம் அதையே பார்த்தார். பிறகு சாயங்காலம் கடை சாத்தும் நேரத்தில் எல்லோரும் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

தெருவில் மைத்துனி கொதித்தாள். "சாயக்காரிதான் அத்தான். வாயைப் பாத்தீங்களா? குத்தம் உள்ளவங்கதான் இப்படிக் குதிப்பாங்க."

"குத்தம் இல்லாதவங்களும் குதிப்பாங்க. நீ சாயங்காலம் உன் போனோட கவரைக் கழட்டி எடுத்துட்டு வா."

"என் போன் எதுக்கு?"

"விழுந்தாலும் பழுது பாக்கத் தெரிஞ்ச ஆளோட போன்னா எனக்குக் கொஞ்சம் தைரியம்."

சாயங்காலம் சலூனின் கதவு பாதி இறங்கியிருந்தது. மனைவி வாசல் பக்கத்து பெஞ்சில், யார் முகத்தையும் பாராமல் உட்கார்ந்திருந்தாள். சாயம் போடுகிறவள் கைப்பையைத் தோளில் மாட்டியபடி நின்றாள். சலூன்காரர் சும்மா இருக்கத் தெரியாமல் சீப்புகளை அடுக்கிக் கலைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சின்ன அறையில் ஒவ்வொருவரும் மற்றவர்மேல் ஒரு கண் வைத்திருந்தார்கள். யாராவது இருமினாலும் அதில் ஏதோ இருப்பதாகத் தோன்றியது.

நிதானம் மைத்துனியின் கைபேசியை வாங்கி, சத்தத்தை அணைத்து, சலூன்காரர் காட்டிய அதே இடத்தில் படுக்க வைத்தார். "அம்மா, இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க."

மனைவி தன் கைபேசியில் எண்ணை அழுத்தினாள். கல்மேல் கிடந்தது உறுமத் தொடங்கியது. உறுமிக்கொண்டே தலையை லேசாகத் திருப்பியது. பிறகு நண்டைப்போல ஒருச்சாய்ந்து, வாஷ்பேசின் பக்கமாக நகர்ந்தது. அழைப்பு ஓய்ந்ததும் நின்றது.

"மறுபடியும்," என்றார் நிதானம்.

மறுபடியும் நகர்ந்தது. மூன்றாவது அழைப்பின்போது சாயம் போடுகிறவளே "ஐயோ, விழப்போகுது" என்று குரல் கொடுத்தாள். அடுத்த அழைப்பு முடிவதற்குள் கைபேசி விளிம்பைத் தாண்டித் தலைகீழாகச் சாய்ந்தது. வாஷ்பேசினுக்குமேல் உள்ளங்கையை விரித்து நின்றிருந்த நிதானம் அதை அலுங்காமல் பிடித்துக்கொண்டார்.

மற்றக் கையின் விரலால் அவர் கல்மேடையைத் தட்டிக் காட்டினார்.

"தண்ணி வடியணும்னு கொத்தனார் இந்தக் கல்லை வாஷ்பேசின் பக்கமா சாய்ச்சுப் பதிச்சிருக்கார்," என்றார் நிதானம். "கண்ணுக்குத் தெரியாது. ஆனா கடைக்காரருக்குத் தெரியும். பாட்டில் சறுக்குதேன்னுதான் அந்தச் சட்டத்தை ஒட்டியிருக்கார். போன் அந்தச் சட்டத்துக்கு வெளியே இருந்துச்சு. ரப்பர் கவர் இருந்த வரைக்கும் கல்லைப் பிடிச்சுக்கிட்டு இருந்தது. போன வாரம் ஒரு கெட்டிக்காரி கவரைக் கழட்டி, அதிர்வையும் ஏத்திவிட்டா. இந்த வழக்குல முதல் குற்றவாளி என் மைத்துனி."

மைத்துனி அவர் கையிலிருந்த தன் கைபேசியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அப்போ தள்ளினது யாரு சார்?" மனைவி எழுந்துவிட்டாள்.

"கடைசி ரிங் பாதியில அறுந்துதுன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க? நிறுத்தணும்னு நினைச்சவங்க அழைப்பைத் துண்டிச்சிருப்பாங்க, இல்ல போனை அணைச்சிருப்பாங்க. அதிர்ந்துகிட்டு இருக்கும்போதே தண்ணிக்குள்ள போயிருக்குன்னா, அந்த அதிர்வுதான் கொண்டுபோய்த் தள்ளியிருக்கு. அதை அதிர வச்சது நீங்க. ஒவ்வொரு அழைப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமா நீங்களேதான் நகர்த்தியிருக்கீங்க. கால் முளைச்சதான்னு கேட்டீங்க இல்ல? முளைச்சுதான் இருந்துது."

மனைவி தன் கையிலிருந்த கைபேசியைப் பார்த்தாள். அவமானத்தில் முகம் சிவந்துவிட்டது. சாயம் போடுகிறவளிடம் திரும்பி, "மன்னிச்சுக்கோங்க அக்கா. உங்களைப்பத்தி என்னென்னமோ நினைச்சுட்டேன்," என்றாள்.

"நினைச்சதோட நிறுத்திக்கிட்டீங்களே, அது போதும்," என்று சொல்லிவிட்டு அவள் குனிந்து கதவுக்கு வெளியே போனாள்.

வழக்கு அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் மைத்துனிக்குப் பட்ட அடி ஆறவில்லை. அத்தான் எதையாவது தவறவிட்டாரா என்று மனசுக்குள் குடைந்துகொண்டே இருந்தவள் திடீரென்று நிமிர்ந்தாள். "அத்தான், டிரையர் ஓடிக்கிட்டு இருந்துச்சே! இடி விழுந்தாலே கேக்காதுன்னா, தொபுக்குன்னு விழுந்த சத்தம் மட்டும் இவருக்கு எப்படி..."

நிதானம் அவள் காலை மிதித்தார். அவர் கவனிக்காமல் இல்லை. கவனித்ததையெல்லாம் சொல்லியாக வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் நேரம் கடந்துவிட்டது.

சலூன்காரர் சீப்பைக் கீழே வைத்தார்.

"கேக்கல," என்றார். "பாத்தேன்."

மனைவி அவரைப் பார்த்தாள்.

"முதல் தடவை அதிர்ந்தப்பவே பாத்தேன். நீதான்னு தெரியும். கொஞ்சம் நகர்ந்துச்சு. அடுத்த தடவை இன்னும் கொஞ்சம். விழப்போகுதுன்னு தெரிஞ்சுடுச்சு. கையை நீட்டினா எட்டும். கத்தியைக் கூட வச்சுட்டேன்." அவர் தன் வலக்கையைப் பார்த்தார். "நீட்டல."

"ஏன்?"

"விழுந்தா கொஞ்ச நேரம் நிம்மதியா இருக்கலாமேன்னு."

"என்கிட்ட இருந்தா?"

அவர் பதில் சொல்லப் பயந்தார். அந்தப் பயம் எல்லோருக்கும் தெரிந்தது. ஆனாலும் பொய் சொல்லவில்லை. "ஆமா," என்றார்.

நிதானத்துக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. கல் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்ட பெருமையில், இந்த இருவரையும் ஒரே அறையில் பார்வையாளர்களோடு உட்கார வைத்திருக்க வேண்டாம்.

"நிம்மதியா இருந்துச்சா?" என்று கேட்டாள் மனைவி.

"இல்ல. நீ எதுக்குக் கூப்பிட்டேன்னு யோசிச்சு யோசிச்சு ஒருத்தருக்குக் கிருதாவை ஒரு பக்கம் ஏத்திட்டேன்." தலையைத் தாழ்த்திக்கொண்டார். "எதுக்குக் கூப்பிட்டே?"

அவளுக்கு உடனே ஞாபகம் வரவில்லை. அதுவே அவளைத் திடுக்கிட வைத்தது. "சாப்பாட்டு டப்பா மூடி சரியா இறுகல. பையை நிமிர்த்தி வைங்கன்னு சொல்லத்தான் முதல்ல கூப்பிட்டேன். அப்புறம் கூப்பிட்டதெல்லாம் ஏன் எடுக்கலன்னு கேக்க."

"கொட்டத்தான் செஞ்சுது," என்றார் அவர் மெதுவாக.

அவள் சிரிக்கவில்லை. ஆனால் பெட்டி கட்டிவிட்டு வந்தவளின் இறுக்கம் தோளிலிருந்து கொஞ்சம் இறங்கியதுபோல் இருந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "நாளைக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வரேன்," என்றாள்.

"எப்போ வருவே?"

கதவருகே குனிந்தவள் அப்படியே நின்றாள். திரும்பிப் பார்த்தபோது கண் நிறைந்திருந்தது.

"நான் தினமும் உங்களைக் கேட்டதும் இது ஒண்ணுதான்," என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினாள்.

சலூன்காரர் கொஞ்ச நேரம் கல்மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு முன்துணியை அவிழ்த்து நாற்காலியில் எறிந்துவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் அவள் பின்னாலேயே ஓடினார்.

சலூனில் துப்பறிகிறவர்கள் இருவர் மட்டும் மிச்சம்.

"அத்தான், கடையை யாரு பூட்டறது? சாவி அவர்கிட்ட இருக்கு. போன் கிடையாது." மைத்துனி தன் கைபேசியை எடுத்தாள். "அந்த அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லட்டா?"

"கூப்பிடாதே," என்றார் நிதானம். சுழல் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து, மற்றதை அவள் பக்கம் திருப்பிவிட்டார். "அவங்களை இன்னைக்கு யாரும் கூப்பிட வேண்டாம். அவர் திரும்பி வர்ற வரைக்கும் நாம கடையைப் பாத்துக்கலாம்."