முருங்கை வழக்கும் நேர ஈடும்

ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு மணி நேரம். அதில் ஒரு நிமிடத்தைக்கூட விட்டுத் தர மாட்டேன். அவர் உட்கார வேண்டும். நான் பார்க்க வேண்டும்.

இப்படி நினைத்தபடிதான் செண்பகவல்லி அன்று காலை நெற்றிப்பட்டையைக் கட்டிக்கொண்டு நேர ஈட்டு மண்டபத்துக்குள் நுழைந்தாள். செவ்வாயின் புதுக்கயத்தாறுக் குடியிருப்பில் வீண் வழக்குப் போட்டுத் தோற்றவர் அபராதம் கட்டுவதில்லை. எதிராளி நீதிமன்றத்தில் தொலைத்த மணி நேரத்தைத் திருப்பித் தர வேண்டும். முதுகு சாய்க்க இடமில்லாத இருக்கையில், படிக்காமல், பேசாமல், தூங்காமல் அமர்ந்து தர வேண்டும். மனம் உண்மையிலேயே சலித்துக் கிடக்கிறதா என்று பட்டை மூளையைத் தொட்டுப் பார்க்கும். சலித்த நிமிடங்கள் மட்டுமே வரவாகும். வென்றவர் எதிரே இருந்து சாட்சி சொல்ல வேண்டும். அவரும் தூங்கிவிடக் கூடாதே என்று அவருக்கும் ஒரு பட்டை.

இந்தச் சட்டம் வந்த முதல் ஆண்டில் வழக்குகள் பாதியாகக் குறைந்தன. மூன்றாம் ஆண்டில் மண்டபத்தை இரண்டு முறை இடித்துப் பெரிதாக்க வேண்டியிருந்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

எதிரே சங்கரபாண்டியன் வந்து அமர்ந்தார். அடுத்த வீட்டுக்காரர், காற்றுக்கதவு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். செண்பகவல்லியின் முருங்கை மரம் தன் பங்கு விளக்கொளியைக் குடிக்கிறது என்பது அவர் வழக்கு. இரண்டு வீட்டு விளக்கும் வேறு வேறு என்று பொறியாளர் முதல் நாளே சொல்லிவிட்டார். தீர்ப்பு எந்திரத்துக்கு நான்கு நிமிடம் போதும். ஆனால் இரு தரப்பும் சொல்லி முடிக்கும்வரை அது காத்திருக்க வேண்டும் என்பது விதி. ஆறு ஆண்டுகள் காத்திருந்தது. அதுவரை மரத்தை யாரும் தொடக் கூடாது என்று ஸ்டே. காய்கள் கிளையிலேயே முற்றி, வெடித்து, விதை சிந்தின.

இப்போது அவர் தோற்றாயிற்று, ஸ்டேயும் இல்லை. பயிர் வளர்க்கும் கண்ணாடிக் குவிமாடங்களில் ஒன்றான நான்காம் கவிகையில் அவளுக்கு நிலமும் ஒதுக்கியிருந்தார்கள். இருபது நாளுக்குள் செவ்வாய் மண்ணைத் தன் கையால் நீரில் கழுவி, அதிலுள்ள நச்சு உப்பெடுத்து, ஒரு பயிராவது ஊன்றாவிட்டால் நிலம் வேறொருவருக்குப் போய்விடும். முருங்கைப் போத்து வெட்டி நட வேண்டுமென்பது அவளுடைய நெடுநாள் எண்ணம். ஆனால் இங்கே நாளுக்கு எட்டு மணி நேரமாக நூற்று அறுபது நாளுக்கு மேல் உட்கார வேண்டும். பகலில் ஓர் இடத்தில்தான் இருக்க முடியும். போனால் போகட்டும் நிலம் என்று முடிவெடுத்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

எட்டு மணி நேரம் கழிந்தது. மண்டபப் பொறுப்பாளர் ஜெசிந்தா அளவைக் கண்ணாடியோடு வந்தாள்.

"அண்ணாச்சிக்கு இன்னிக்கு வரவு பூஜ்யம்."

"என்னது?" என்றாள் செண்பகவல்லி.

"ஒரு நிமிஷம்கூட சலிக்கல அவருக்கு. வந்ததுலேருந்து சந்தோஷமாத்தான் இருந்திருக்காரு."

சங்கரபாண்டியன் தலையைக் குனிந்துகொண்டார். சட்டை தேய்த்த மடிப்புக் கலையாமல் இருந்தது. "வீட்டுல இருந்தா செவுத்தப் பாத்துக்கிட்டு இருக்கணும். இங்க நாலு பேரு முகம் தெரியுது. நான் என்ன செய்ய?"

"அண்ணாச்சி, நீங்க என்னை ஆறு வருஷம் அலைய விட்டிருக்கீங்க!"

"நானுந்தான அலைஞ்சேன்? ஒருநாளாவது தவறியிருப்பனா?"

ஜெசிந்தா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. உங்க பட்டையும் அதேதான் காட்டுது. பொண்ணு கல்யாணத்துல அம்மாவுக்குக்கூட சந்தோஷம் இவ்வளவு ஏறாது."

பட்டை பொய் சொல்லாது என்று செண்பகவல்லிக்குத் தெரியும். அவர் இடுப்பு வலியில் நெளிந்தபோதெல்லாம் தனக்குள் ஏதோ இனித்ததை அவள் அறிந்துதான் இருந்தாள். எட்டு மணி நேரத்தில் ஒருமுறைகூட மரம் நினைவுக்கு வரவில்லை. இன்னொன்றும் மேலே மிதந்து வந்தது. நான்காம் ஆண்டில், அவருக்கு நறுக்கென்று கொடுக்க ஒரு பதில் அகப்படாததால், காய்ச்சல் என்று சொல்லி அவளே ஒரு வாய்தா வாங்கியிருக்கிறாள். அந்த ஏழு மணி நேரமும் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டில் சேர்த்திதான்.

சுற்றிலும் பார்த்தாள். வென்றவர்கள் சாப்பாட்டுத் தூக்குகளை மூடிக்கொண்டிருந்தார்கள். எல்லா முகத்திலும் ஒரே பளபளப்பு.

"நாளைக்குத் தேதி போட்டுடறேன்க்கா," என்றாள் ஜெசிந்தா.

"வேண்டாம். நான் வரல."

"சாட்சி வரலைன்னா அவரு பாக்கி முழுக்க தள்ளுபடியாயிடும். ஆறு வருஷம் சும்மா போச்சுன்னு ஆயிடும்."

"அது எப்பவோ போயிடுச்சு. இனிமே போறதயாவது நிறுத்தணும்."

சங்கரபாண்டியன் எழுந்துவிட்டார். "அதெப்படி? தோத்தவன் நான். என் பாக்கிய நான் தீக்க வேண்டாமா? இவங்க இஷ்டத்துக்குத் தள்ளுபடி பண்ணிட்டுப் போவாங்களா? நாளைக்கே அப்பீல் போடுதேன்!"

"உங்களை விட்டுட்டாங்கன்னு அப்பீலா?" என்றாள் ஜெசிந்தா.

"ஆமா! போடக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

ஜெசிந்தா விதிகளைப் புரட்டிப் பார்த்தாள். அப்படி எந்தச் சட்டத்திலும் இல்லை. "அப்ப நீங்கதான்க்கா எதிர்மனுதாரர். நோட்டீஸ் கிடைச்சுதுன்னு இப்பவே ஒரு ரேகை வச்சிட்டுப் போயிடுங்க. இல்லன்னா வீடு தேடி ஆள் வரும்."

கண்ணாடித் தட்டு நீண்டது. செண்பகவல்லியின் கட்டைவிரல் தானாகவே எழுந்து அதை நோக்கிப் போயிற்று. ஆறு ஆண்டுப் பழக்கம். பாதி வழியில் மற்றக் கையால் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"வர்ற ஆளை நாலாம் கவிகைக்கு அனுப்பும்மா," என்றாள் மெல்ல. "மண்ணு கழுவிக்கிட்டு இருப்பேன். கையெல்லாம் சேறா இருக்கும். ரேகை விழாது."