பதினெட்டு லட்சம் மட்டும்

செத்துப்போனவன் டைப் அடித்துக்கொண்டிருந்தான்!

ஜஜஜஜஜஜஜஜ...

லேப்டாப் திரை முழுக்க அந்த ஒரே எழுத்துதான் ஓடிக்கொண்டிருந்தது. அவன் மூக்கு அந்த விசையின் மேல் கிடந்தது.

கதவைத் திறந்த தங்கச்சிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது.

"அண்ணே... பகல் பதினோரு மணிக்கு என்ன தூக்கம்? எழுந்திரு!"

தோளைப் பிடித்து உலுக்கினாள். தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. மூச்சு இல்லை.

அப்புறம் வந்ததுதான் அலறல். மூன்று மாடிக்கும் கேட்டது!

முதலில் ஓடி வந்தவர் கீழ்வீட்டு மேனேஜர் சார். கட்டடத்தின் சொந்தக்காரர். வங்கியில் முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டி மேனேஜராக ரிட்டையர் ஆனவர். வீட்டில் இருந்தாலும் மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டை.

"ஐயோ... நான் பெத்த பிள்ளை மாதிரி இருந்தானே!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

அடுத்து வந்தவர் இன்ஸ்பெக்டர். ஸ்டேஷன் எதிர் வரிசையிலேயே இருந்ததால் பத்தே நிமிஷம். தொப்பியைக் கழற்றவில்லை. பிணத்தைக் கட்டிலில் கிடத்தச் சொன்னார். கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். முடிந்தது விசாரணை!

"ஹார்ட் அட்டாக். ராவும் பகலும் இந்தப் பெட்டி முன்னாடியே உட்கார்ந்தா வேற என்ன வரும்? ஏம்மா, முதல்ல அந்த மெஷினை ஆஃப் பண்ணு."

"முடியாது சார்."

இன்ஸ்பெக்டரின் புருவம் தொப்பிக்குள் போனது.

"என்ன சொன்ன?"

"முடியாதுன்னு சொன்னேன். ஹார்ட் அட்டாக் வந்தவன் எழுந்து போய் டம்ளர் கழுவிட்டா சாவான்?"

எப்போதும் சாத்தியே கிடக்கும் ஜன்னலின் திண்டைக் காட்டினாள். அங்கே ஒரு காபி டம்ளர். கழுவி, கவிழ்த்து, அடியில் காகிதம்கூடப் போட்டு வைக்கப்பட்டிருந்தது.

"எங்கண்ணன் ஜென்மத்துல டம்ளர் கழுவினதில்ல சார். கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பாருங்க. நாலு நாள் டம்ளர் கிடக்கு!"

இன்ஸ்பெக்டர் குனிந்தார். எண்ணினார். ஆறு!

"இது ஒரு சாட்சியாம்மா? கோர்ட்ல சிரிப்பாங்க."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதே இன்ஸ்பெக்டர்தான் போன மாசம் அண்ணனின் வங்கிக் கணக்கை ஃப்ரீஸ் செய்தவர். எவனோ திருட்டுப் பணத்தில் காயின் வாங்கினான் என்று, விற்றவன் கழுத்தைப் பிடித்தவர்.

அண்ணனும் தங்கச்சியும் செய்தது கிரிப்டோ வியாபாரம். காயின் பக்கம் அண்ணன். காசுப் பக்கம் தங்கச்சி. ஆன்லைன் சந்தையில் அண்ணனுக்கு 'நிமிஷம்' என்று பெயர். பணம் வந்த ஒரே நிமிஷத்தில் காயினை வாங்கியவனுக்கு விட்டுவிடுவான்.

அண்ணன் கணக்கு முடங்கியதிலிருந்து பணம் அவள் கணக்குக்குத்தான் வரும். வந்ததா என்று பார்ப்பது அவள் வேலை. குறுஞ்செய்தியை நம்பமாட்டாள். ஸ்கிரீன்ஷாட்டை நம்பமாட்டாள். கணக்கைத் திறந்து கண்ணால் பார்த்தால்தான் தலையை ஆட்டுவாள்.

இப்போதும் கண்ணால் பார்த்தாள், திரையை.

ஓர் ஆர்டர் திறந்து கிடந்தது. மேலே ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

14:52... 14:51...

"சார்... சார், இங்க பாருங்க! ஒருத்தன் பதினெட்டு லட்சத்துக்குக் காயின் கேட்டிருக்கான். எங்க மொத்த கையிருப்பும் அதுதான்!"

"இருக்கட்டும். அதுக்கும் சாவுக்கும் என்ன சம்பந்தம்?"

"இந்தச் சந்தையில ஒரு விதி சார். வாங்கறவன் பணம் கட்டிட்டேன்னு ரசீது போடுவான். விக்கறவன் அரை மணி நேரத்துல வரலைன்னு சொல்லணும். சொல்லாம வாயை மூடிட்டிருந்தா, ரசீது போட்டவனுக்கே காயின்!"

இன்ஸ்பெக்டர் கட்டிலைப் பார்த்தார். அங்கே வாயை மூடிக்கொண்டு ஒருவன் கிடந்தான்.

"அதாவது... உங்கண்ணன் அரை மணி நேரம் பேசாம இருந்தா போதும்..."

"ஆமா சார். அதுக்குத்தான் பேசவே முடியாம பண்ணிட்டான்!"

"கற்பனை," என்றார் இன்ஸ்பெக்டர். ஆனால் குரலில் பழைய மிடுக்கு இல்லை. "நான் மேலதிகாரிகிட்ட பேசிட்டு வரேன். எதையும் தொடாதே."

"நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்றேம்மா," என்றார் மேனேஜர் சார். "ரெண்டாயிரம் மட்டும் கேப்பான். அதை நானே குடுத்துடறேன். நீ கவலைப்படாதே."

இருவரும் வராந்தாவுக்குப் போனார்கள். பாதி திறந்த கதவு வழியே இரண்டு முதுகுகள் தெரிந்தன. இரண்டு கைகளில் இரண்டு போன்கள்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். 'அப்புறம் அழறேன் அண்ணே, இப்போ நேரமில்ல' என்று கட்டிலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டாள்.

11:20...

வாங்குபவன் பெயர்: நல்லவன்77. பெயரைப் பார்த்ததுமே அவளுக்கு எரிச்சல் வந்தது.

பணம் கட்டிய வழி: வங்கி கவுண்டரில் ரொக்கம்.

திடுக்கிட்டுச் சுவரைப் பார்த்தாள். அங்கே அவள் கையெழுத்தில் ஒரு தாள். 'பணம் வரும் வழிகள்'. வங்கிக்கு வங்கி: சரி, ஆனால் பெயர் பொருந்தணும். போன் வாலட்: சரி, சின்னத் தொகைக்கு. கார்டு: வேண்டாம், திரும்பப் பிடுங்கிக்கொள்வான். கவுண்டரில் ரொக்கம்: வேண்டவே வேண்டாம்! சாயங்காலம்தான் கணக்கில் தெரியும், அதுவரை சீட்டுதான் சாட்சி, சீட்டை எவனும் எழுதலாம்.

மூன்று கோடு போட்டு அடித்த வழியை இன்று காலையில் அண்ணன் திறந்து வைத்திருக்கிறான். யார் பேச்சைக் கேட்டு?

'பணம் வரவில்லை' பெட்டியை இப்போதே தட்டினால் ஆர்டர் மூடிவிடும், ஆள் தப்பிவிடுவான். ஜஜஜஜவை அழித்தாள். அண்ணன் பெயரில் டைப் அடித்தாள்.

'பணம் வரலையே.'

அனுப்பினாள்.

வராந்தாவில் ஒரு முதுகு விறைத்தது. இருட்டு மூலை. எந்த முதுகு என்று தெரியவில்லை.

பதில் வந்தது.

'யார் நீ???'

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

நியாயமான வாங்குபவன் இப்படிக் கேட்பானா? 'சீக்கிரம் விடுங்க' என்பான். சண்டை போடுவான். யார் நீ என்று கேட்பவனுக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பக்கம் பதில் சொல்ல ஆளே இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும்!

உடனே அடித்தாள்.

'நிமிஷம்தான். காபி கசந்தது. பாதிதான் குடிச்சேன்!'

இந்த முறை பதில் வர நேரமானது.

6:05... 6:04...

'விளையாடாதே. பதினெட்டு லட்சம் மட்டும் கட்டியாகிவிட்டது. சீல் வைத்த சீட்டு அனுப்பியுள்ளேன். ரிலீஸ் செய்யவும்.'

மட்டும்?

பதினெட்டு லட்சம் 'மட்டுமா'? இவனுக்கு அது சில்லறையா? அவள் மறுபடி படித்தாள். மறுபடியும்...

படீரென்று விளக்கு அணைந்தது! மின்விசிறி முனகி நின்றது.

"என்னம்மா ஆச்சு?" இன்ஸ்பெக்டரின் குரல் வாசலில்.

"ஃபியூஸ் போச்சு போல," மேனேஜர் சாரின் குரல் அவருக்குப் பின்னால். "மெஷின் போயிடுச்சா? பரவாயில்லம்மா, விடு. உயிரே போயாச்சு..."

"போகல சார்."

இருட்டில் அவள் முகம் மட்டும் திரை வெளிச்சத்தில் நீலமாகத் தெரிந்தது.

"இது லேப்டாப். பேட்டரி இருக்கு, நெட் அண்ணன் போன்லேர்ந்து வருது. மெயினைப் பிடுங்கினா போயிடும்னு நினைச்சீங்களா?"

"யார்கிட்டம்மா சொல்ற?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இதோ தெரிஞ்சிடும்."

இந்தச் சந்தையில் ஒரு பொத்தான் உண்டு. எதிராளி தூங்கிவிட்டால் எழுப்ப. போன் சைலன்ட்டில் இருந்தாலும் விடாது.

அழுத்தினாள்.

கீய்ங்... கீய்ங்... கீய்ங்...!

கோழிக்கூட்டுக்குள் நாய் புகுந்தது போல ஓர் அலறல். இன்ஸ்பெக்டர் பதறித் தன் போனைப் பார்த்தார். அது சாதுவாகக் கிடந்தது.

சத்தம் மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டையின் பையிலிருந்து வந்தது!

"இது... யாரோ என் நம்பர்ல..." மேனேஜர் சார் பையைப் பொத்தினார்.

"போதும் சார்! முப்பத்திரண்டு வருஷம் செக் எழுதின கை. எந்தத் தொகை எழுதினாலும் பின்னாடி 'மட்டும்' போடாம நிக்காது. எனக்கு நீங்க குடுத்த ஒவ்வொரு வாடகை ரசீதுலயும் பார்த்திருக்கேன். ஆம்புலன்ஸுக்கும் போட்டீங்க. நல்லவன் வேஷத்துலயும் போட்டுட்டீங்க!"

ஓடப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் காலை நீட்டினார். மேனேஜர் சார் தடுக்கி விழுந்தார்.

சட்டைப் பையிலிருந்து மூன்று பொருள்கள் சிதறின. நல்லவன்77 ஆர்டர் திறந்த போன். ரிட்டையர் ஆனபோது திருப்பிக் கொடுக்காத வட்ட ரப்பர் சீல். பத்தும் காலியான இதய மாத்திரை அட்டை.

"கவுண்டர் வழியைத் திறந்து வைக்கச் சொன்னது யாரு?" இன்ஸ்பெக்டர் அதட்டினார்.

"நான்தான்..." தரையிலிருந்தே முனகினார். "பெரிய பார்ட்டி வருதுன்னு சொன்னேன். மரியாதைக்காரப் பையன்... நான் சொன்னா கேட்பான்... குடுத்த காபியையும் குடிச்சான்..."

அதைக் கேட்டதும்தான் அவள் அழுதாள். வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே 'பணம் வரவில்லை' என்ற பெட்டியைத் தட்டினாள்.

0:41-இல் கடிகாரம் நின்றது. காயின் திரும்பி வந்தது. 'நிமிஷம்' என்ற பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி மினுக்கியது. அதை அணைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். முதன்முறையாக.

"என்னைத்தானேம்மா முதல்ல சந்தேகப்பட்ட?"

"ஆமா சார். இப்பவும் பாதி இருக்கு."

"பாதியா?"

"எங்கண்ணன் கணக்கை ஃப்ரீஸ்லேர்ந்து எடுங்க. மீதியும் போயிடும்."

இன்ஸ்பெக்டர் இருமினார். விலங்கு 'க்ளிக்' என்றது. மேனேஜர் சார் வாசலில் தயங்கித் திரும்பினார். கண்ணில் நீர்.

"அம்மாடி... வயசானவன்... எனக்கு என்ன தண்டனைம்மா கிடைக்கும்?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பெரிசா ஒண்ணும் இல்ல சார். ஆயுள் தண்டனை... மட்டும்!"