பச்சைக் கோதுமை மாதம்

அந்த மே மாதத்தை நினைத்தால் அம்ராவுக்கு இன்றைக்கும் நெஞ்சில் புகை வாசம் வரும்...

போஸ்னியாவிலிருந்து அரபு நாட்டு இர்பித் நகருக்குப் பரிமாற்ற மாணவியாக வந்திருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை ஊருக்கு வெளியே நடக்கப் போனபோது, வயலில் தீ... கோதுமைக் கதிர்கள் எரிகின்றன. ஓரத்தில் இருந்த தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மொத்தத்தையும் கொட்டினாள்.

புகை விலகியது. கரி படிந்த முகத்தில் இரண்டு பழுப்புக் கண்கள்... சிரிப்பதா, திட்டுவதா என்று தெரியாமல் அவளையே பார்த்தன.

"நல்ல காரியம் பண்ணீங்க. காலையில இருந்து வாட்டுறோம்."

வயல்காரரின் மகன், குதைபா. முற்றாத கோதுமையை அறுத்துத் தீயில் வாட்டினால் உமி மட்டும் கருகும், ஈரமான மணி தப்பித்துவிடும், அதுதான் ஃப்ரீக்கே என்று பொறுமையாகச் சொன்னான். அம்ராவின் காது மடல்கள் சிவந்தன. கெடுத்ததற்கு ஈடாக வேலை செய்கிறேன் என்று மறுநாளே வந்து நின்றாள்.

பிறகு வகுப்பு முடிந்தால் வயல்தான். அவள் ஊரிலும் பிளம் தோப்புகள் உண்டு... வேலிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. இங்கேதான் ஆலிவ் பூ எத்தனை சின்னது என்று தெரிந்தது. அரிவாளைப் பேனா மாதிரி பிடிக்கிறாள் என்று குதைபா ஓயாமல் கேலி செய்தான். அவன் அம்மா அவளுக்கென்று ரொட்டி எடுத்து வைத்தாள். ஒருநாள் கதிருக்குள் வானம்பாடிக் கூடு. அதைச் சுற்றி ஒரு பாய் அகலத்துக்கு அறுக்காமல் விட்டுவிட்டு, அடுத்த வரிசைக்கு நகர்ந்தான் அவன். அன்றைக்குத்தான் அவள் மனசு நழுவியது...

அடுத்த வாரமே அது உடைந்தது. தேநீர் குடிக்க வந்த குதைபாவின் சப்ஹா அத்தை, வெயில் ஏறினால் இந்தப் பெண் பறந்துவிடுவாள் என்றாள். "பறக்கட்டுமே, அத்தை," என்று குதைபா சிரித்தான். பின்னால் நின்ற அம்ரா கேட்டுவிட்டாள்.

அவள் வயலுக்குப் போகவில்லை. படிக்க வந்தவளைத் தேடிப் போக நான் யார் என்று அவனும் வரவில்லை. மூன்று வாரம்... பச்சை வயல்கள் மஞ்சளாகி, மொட்டையாகிவிட்டன.

அவள் ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது விடுதி வாசலில் வந்து நின்றான். சட்டையெல்லாம் வைக்கோல் தூசி.

"அத்தைகிட்ட மனசைக் காட்டிக்க வெட்கமா இருந்துச்சு. அதான் சிரிச்சேன்."

"சரி. இதைச் சொல்லவா இவ்வளவு தூரம்?"

அவன் மண்ணைப் பார்த்தான். "முதல் மழை விழுந்ததும் விதைப்போம். அப்ப நீ இங்க இருக்கணும்."

"எத்தனை விதைப்புக்கு?"

மெல்லக் கண்ணை உயர்த்தினான். "எனக்கு எத்தனை இருக்கோ... அத்தனைக்கும்."



"எங்க அப்பாவுக்கு அரபி தெரியாது," என்றாள். "உங்க அம்மாவைப் பேசச் சொல்லு... நான் மொழிபெயர்க்கிறேன்."